சம்பந்தியான சிநேகிதி

சகுந்தலாவையும் கல்யாணியையும் பற்றி அந்த டவுன்ஷிப்பில் சொல்லாத வார்த்தை பாக்கி கிடையாது. நகமும் சதையும் என்றார்கள். ஈருடல் ஓருயிர் என்று தமிழ் வாத்தியார் பெண்டாட்டி ஒருத்தி மேடையில் பேசுகிற மாதிரி சொன்னாள். பொறாமைக்காரிகள் ஒட்டுப்புல் என்றார்கள். ஒருத்தி மட்டும் தனியாகக் கடைக்குப் போனால் கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் ஏசுபாதம், "இன்னாம்மா, ஜோடி மாட்ல ஒண்ணு மட்டும் அவுத்துகினு வந்துட்ச்சி?" என்று கேட்பார். அதற்கு இரண்டு பேரும் கோபித்துக்கொண்டதே இல்லை.

இந்த வார்த்தையெல்லாம் நல்ல நாளுக்குத்தான் உதவும். சாவு வீட்டு வாசலில் நின்று 'நாங்கள் நகமும் சதையும்' என்று சொல்லிப் பாருங்கள். ஓரமாக நில்லும்மா என்பார்கள். சகுந்தலா இதை வந்தவாசியில் வைத்துத் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டவள் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை, அதுதான் வந்த வினை.

சகுந்தலாவுக்குப் பிறந்த ஊர் அச்சரப்பாக்கம். கல்யாணிக்கு வந்தவாசி. இரண்டு பேர் புருஷன்மாரும் கல்பாக்கத்தில் ஒரே ஆபீஸ், ஒரே பஸ். குவார்ட்டர்ஸில் எதிரெதிர் வாசல். குடிவந்த புதிதில் கல்யாணிக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டாள். சகுந்தலா இரண்டு அடுப்பையும் பார்த்துக்கொண்டாள், கல்யாணியின் பிள்ளை பிரவின்குமாரைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். எழுந்து உட்கார்ந்ததும் கல்யாணி கேட்ட முதல் கேள்வி, "அக்கா, நான் உன்ன அக்கான்னு கூப்ட்டுக்கவா?" என்பதுதான். ஒரு அண்ணனைத் தவிர அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. சகுந்தலாவுக்கு அதுகூட இல்லை.

"கூப்டுட்டுத்தானடி கேக்கற" என்றாள் சகுந்தலா.

அக்கா தங்கை என்று ஆனபின் பிள்ளைகளுக்கு முறை தானாக வந்துவிடும். பிரவின் சகுந்தலாவைப் பெரிம்மா என்றான். சகுந்தலாவின் மகள் சஹானாவுக்கு அப்போது முன்பல் விழுந்திருந்தது. அவள் கல்யாணியைச் சித்தி என்றாள், பிரவினை அண்ணா என்றாள். அண்ணா தோளில் ஏறி முருங்கைக்காய் பறித்தாள். அண்ணாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து டியூஷன் போனாள். பையன்கள் யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால் அண்ணா சட்டையைப் பிடித்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகும். கல்யாணிக்குக் கடல் என்றால் பயம். அலை வரும்போது சகுந்தலாவின் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "உட்டுடாதக்கா, உட்டுடாதக்கா" என்று கத்துவாள். வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சகுந்தலா சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்துவிடுவாள். அந்த வருஷங்களில் அவளுக்கு வேறு எந்தச் சந்தோஷமும் தேவைப்படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்று எட்டில் கல்யாணியின் அண்ணன் வந்தவாசியில் இறந்துபோனார். கல்யாணம் காட்சி பார்க்காத மனுஷர். அவரோடு கல்யாணியின் பிறந்த வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. சகுந்தலா கூடவே போனாள். பந்தலில் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். சகுந்தலாவும் போய்க் கல்யாணியின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வெற்றிலை பாக்கை மென்றுகொண்டிருந்த ஒரு கிழவி தலையைத் தூக்கி, "யார்ரீ இவ? எந்த வூட்டு ஆளு?" என்றாள்.

"பக்கத்து வூட்டுக்காரங்களாம்" என்றது ஒரு குரல்.

"அப்ப அந்தாண்ட போயி ஒக்காரச் சொல்லு. பங்காளிங்க வர்றாங்க பாரு."

சகுந்தலா எழுந்தாள். தெரு ஓரத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில், அண்ணனின் ஆபீஸ் ஆட்களோடு உட்கார்ந்து, தன் தங்கை அழுவதைத் தூரத்திலிருந்து பார்த்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கல்யாணி அண்ணனுக்காக அழவில்லை. "உன்ன வெளிய ஒக்கார வெச்சிட்டாங்களேக்கா" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.

"நாளிக்கு நான் செத்தாலும் உன்ன இப்டித்தான் ஒக்கார வெப்பாங்க" என்றாள். "தாய் வீட்டுக் கோடின்னு ஒண்ணு போட எனக்கு ஆளில்ல. நீ போடுவன்னு நெனச்சிகினு இருந்தேன். உன்ன கிட்டவே உட மாட்டாங்க போலக்கீது."

சுமங்கலி செத்தால் பிறந்த வீட்டிலிருந்து வந்து போர்த்துகிற புதுப்புடவைதான் அந்தக் கோடி. அது வராத பிணத்தை நாதியில்லாத பிணம் என்பார்கள். சகுந்தலாவுக்கு அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்துவிட்டது.

அடுத்த வருஷமே இரண்டு புருஷன்மாருக்கும் ரிட்டையர்மென்ட் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சகுந்தலாவின் புருஷன் சதாசிவம் செங்கல்பட்டில் வீடு கட்டியிருந்தார். கல்யாணியின் புருஷன் லக்ஷ்மிநாராயணன் மாமல்லபுரத்தில் மனை வாங்கியிருந்தார். நடுவில் திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு பஸ். பெரிய தூரம் இல்லைதான். ஆனால் ராத்திரி உப்பு தீர்ந்தால் கதவைத் தட்டுகிற தூரமும் இல்லை. அந்த பயத்தில்தான் சகுந்தலாவுக்கு அந்த யோசனை வந்தது. சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து சொன்னாள்.

"கல்யாணி, பிரவினுக்கு நம்ம சஹானாவக் குடுத்துட்டா இன்னா?"

கல்யாணி வாயைப் பிளந்தாள். பிறகு மெல்ல அவள் முகம் மலர்ந்தது.

"ரெண்டு வூடும் ஒரே ஜாதி சனந்தான். சம்பந்தின்னு ஆயிட்டா எவ வந்து நம்மள வெளிய ஒக்கார வெப்பா? கலியாணம், கருமாதி, எதுலயும் முன்னால நிக்கலாம்டி."

"பிரிக்கவே முடியாதுக்கா" என்றாள் கல்யாணி, கண்ணில் தண்ணீரோடு.

சதாசிவம் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பேசினார். "ஏம்மா, இத்தினி வருசம் அக்கா தங்கச்சின்னீங்க. அப்ப அதுங்க அண்ணன் தங்கச்சிதான? இப்ப உங்களுக்கு ஒரு முறை வேணும்னு அதுங்க முறைய மாத்துவீங்களா?"

"கூடப் பொறந்ததுங்களா இன்னா? வாயால கூப்ட்டதுதான" என்றாள் சகுந்தலா. வாயால் கூப்பிட்டதற்காகத்தான் வந்தவாசியிலிருந்து அழுதுகொண்டு வந்தோம் என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. நமக்கு வேண்டும் என்றால் வார்த்தை இரும்பு, வேண்டாம் என்றால் பஞ்சு.

பிள்ளைகளைக் கேட்டார்கள். கேட்டார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. பிரவின் அப்போது தரமணிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் சேர்ந்திருந்தான். "வேணாம்மா, எனக்கு ஒரு மாதிரியா கீது" என்றான். கல்யாணி நாள் கணக்கில் சாப்பிடாமல் படுத்தாள். சஹானா ஒன்றுமே சொல்லவில்லை. அவள் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள், வழக்கம்போல. பெரிம்மாவை அத்தை என்று கூப்பிடப் பிரவினுக்குப் பழக்கினார்கள். சஹானாவுக்கு அண்ணா என்ற வார்த்தை நாக்கைவிட்டுப் போகவில்லை. நிச்சயதார்த்தத்தன்றுகூட, "அண்ணா, மாலை கோணலா கீது" என்றாள். சபையே சிரித்தது. அவர்கள் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாளே ஒன்று நடந்தது. சகுந்தலா மாமல்லபுரத்து வீட்டுக்குள் நுழைந்து, பழக்க தோஷத்தில் நேராக அடுப்படிக்குப் போய்க் குழம்புக் கரண்டியை எடுத்து ருசி பார்த்தாள். லக்ஷ்மிநாராயணனின் அக்கா அங்கே நின்றிருந்தாள். "பொண்ணக் குடுத்த வூட்டுக்காரங்க அடுப்பாண்ட வரலாமா? கூடத்துல ஒக்காருங்க சம்பந்தி" என்றாள். கல்யாணி தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டில் டம்ளர் வைத்துக் காபி கொண்டு வந்து, "எடுத்துக்குங்க சம்பந்தி" என்றாள். சகுந்தலாவுக்கு அந்தக் காபி இறங்கவில்லை. வெளியே உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயந்து தேடிக்கொண்ட முறை, அவளைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டது.

அதற்குப் பிறகு சீர் வந்ததா, தட்டில் எத்தனை பழம் இருந்தது, ஆடிக்கு அழைத்தார்களா, அழைத்தது யார் என்று ஒவ்வொன்றாக வந்தது. இரண்டு பக்கத்து உறவும் எண்ணெய் ஊற்றியது. போனில் கூட நின்று நிதானித்துப் பேசினார்கள். பெண்ணைக் கொடுத்தவள் ஒரு படி கீழே, பெண்ணை எடுத்தவள் ஒரு படி மேலே. அந்தப் படியில் ஏறி நிற்கக் கல்யாணிக்கு ஆசை இல்லை, இறங்கி வரத் தைரியமும் இல்லை.

பிள்ளைகள் மடிப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அதுதான் சந்தேகமாக இருந்தது. சஹானாவுக்கு ஜுரம் என்று பார்க்கப் போன சகுந்தலா, ஒரு அறையில் ஒரு பாயும் மறு அறையில் ஒரு பாயும் சுருட்டி வைத்திருப்பதைப் பார்த்தாள். கேட்டதற்கு மகள் அழுதாள். "அவுரு நல்லவருமா. எனக்கு மாத்திரை வாங்கியாந்து, கஞ்சி வெச்சிக் குடுத்தாரு. ஆனா எங்களால முடியலமா. எங்களால முடியாதும்மா." கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

செங்கல்பட்டு வீட்டில் பெரியவர்களைக் கூட்டிவைத்துப் பேசினார்கள். பிரவின் எழுந்து நின்று, யாரையும் குறை சொல்லாமல், "தப்பு எம்மேல இல்ல, சஹானா மேலயும் இல்ல. தங்கச்சியா வளந்த பொண்ணு அவ. பிரிச்சி உட்டுருங்க. அவளுக்கு நல்ல எடமா பாருங்க" என்றான். அவன் சொன்னது அத்தனையும் நிஜம். சகுந்தலாவுக்குத் தெரியும். ஆனால் ஒரு மூலையில் சொந்தக்காரி ஒருத்தி, "பொண்ணுகிட்ட இன்னா கொறையோ" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே. சபை நடுவில் சகுந்தலா வாயைத் திறந்தாள்.

"கொற எம் பொண்ணுகிட்ட இல்ல. இவன் ஆம்பளதானான்னு மொதல்ல டாக்டரண்ட கூட்டிகினு போயிப் பாருங்க."

நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம். பிரவின் முகம் வெளுத்து, அவளையே பார்த்தான். காமாலைக்காரத் தாய் படுத்திருந்தபோது எந்தக் கையால் சோறு தின்றானோ அந்தக் கை அவன் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை. கல்யாணி மெல்ல எழுந்தாள்.

"சொல்லிட்டீங்க சம்பந்தி" என்றாள். மகன் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

சகுந்தலா எத்தனையோ தரம் போனை எடுத்து வைத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு நாள் மாமல்லபுரம் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றத்தில் இறங்கித் திரும்பி வந்துவிட்டாள். கோர்ட்டில் விவாகரத்து ஆனது. சஹானாவுக்கு நல்ல இடமாகவே அமைந்தது. மாப்பிள்ளை ஹரிசங்கர், பேங்க் உத்தியோகம், சிரித்த முகம். ஆவணியில் எளிமையாகக் கல்யாணம் முடிந்தது. முதல் கல்யாணத்தைப் பற்றி வாய் திறக்காத, பெரிய மனசுக்காரக் குடும்பம்.

இரண்டாயிரத்து நாலு, போகிக்கு முந்தின நாள். தலைப் பொங்கலுக்கு மகளும் மாப்பிள்ளையும் அவர்கள் வீட்டாரும் வருவதாக இருந்தது. சகுந்தலா வெல்லம் இடித்துக்கொண்டிருந்தாள். டவுன்ஷிப் காலத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் மீன் கொடுத்துவந்த சட்ராஸ் குப்பத்துக்காரி வேண்டா, கூடையில்லாமல் வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, உனுக்கு யாரும் சொல்லிக்க மாட்டாங்கன்னுதான் பஸ்ஸு புட்ச்சி வந்தேன். கல்யாணியக்கா பூட்ச்சிக்கா. கேன்சரு. ஆறு மாசமா படுக்கையாத்தான் இருந்திச்சி. காத்தால உசுரு போச்சி. மதியானம் எடுக்கறாங்க."

சகுந்தலா அழவில்லை. எழுந்து கை கழுவினாள். மகளுக்குப் பொங்கல் சீராக எடுத்து வைத்திருந்த புடவைகளில் அரக்குக் கரை மஞ்சள் புடவையை உருவிப் பையில் போட்டாள். சதாசிவம் குறுக்கே வந்து நின்றார்.

"எந்த மொகத்த வெச்சிகினு போற?"

"அவளுக்குக் கோடி போட ஆளில்லங்க. நான் போடுவேன்னு நெனச்சிகினு இருந்தவ." அவர் விலகி நின்றார், பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அவரும் கூட வந்தார்.

கல்யாணியைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பூசின உடம்புக்காரி, விறகாகிக் கிடந்தாள். நெற்றியில் பெரிய குங்குமம். சகுந்தலா கிட்டப் போகப் பயந்து, சுவர் ஓரம் நின்றாள். அவளைப் பார்த்ததும் பெண்கள் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். லக்ஷ்மிநாராயணன் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். குளிப்பாட்டி முடித்ததும் சடங்கு செய்கிறவர் குரல் கொடுத்தார்.

"தாய் வீட்டுக் கோடி வந்துட்டுதா? யாரும்மா போடறது?"

யாரும் அசையவில்லை. சகுந்தலா பையிலிருந்து புடவையை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நீங்க எந்த முறைம்மா?" என்றார் அவர், கெடுதல் எதுவும் நினைக்காமல்.

அவள் உதடு அசைந்தது. அக்கா என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை அவளேதான் கைவிட்டாள். சம்பந்தி என்று சொல்லலாம், அதைக் கோர்ட்டில் அறுத்தாகிவிட்டது. அவள் புடவையை ஏந்தியபடி நின்றாள். தலையில் தண்ணீர் சொட்ட, ஈர வேட்டியோடு பிரவின் எதிரே வந்தான்.

"வேணாங்க. எடுத்துகினு போங்க" என்றான்.

"பிரவினு, உங்கம்மா எங்கிட்ட..."

"தெரியும். கடசீல உங்களத்தான் கேட்டாங்க. 'பெரிம்மாவக் கூப்டுடா, பெரிம்மாவக் கூப்டுடா'ன்னு கேட்டாங்க." அவன் புறங்கையால் முகத்தைத் துடைத்தான். "நான்தான் சொல்லி அனுப்பல. வர்றாங்க வர்றாங்கன்னு பொய் சொல்லிகினே இருந்தேன். என்னால முடியலீங்க. எங்கம்மா மறந்துட்டாங்க, என்னால மறக்க முடியல."

சகுந்தலா அவனை வையவில்லை. என்ன உரிமையில் வைவாள்? கல்யாணி வாசலைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. புடவையைப் பைக்குள் வைக்கக் கை வரவில்லை. சதாசிவம் வாங்கி வைத்தார். வந்தவாசியிலிருந்து வந்திருந்த தூரத்துப் பங்காளி வீட்டு மருமகள் ஒருத்தியைப் பிடித்து, கடைத்தெருவில் அவசரமாக ஒரு புடவை வாங்கிவரச் செய்து, தாய் வீட்டுக் கோடி என்று போர்த்த வைத்தார்கள். அவள் செத்தவள் பெயரைப் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அழுதாள். சகுந்தலா தெருவில், அண்டை அயலாரோடு நின்றாள். எடுத்துக்கொண்டு போனபோது தெருமுனை வரை பின்னால் நடந்தாள். சொல்லிக்கொள்ளாமல் திரும்பினார்கள்.

வீட்டுக்கு வந்து தலை முழுகினாள். போனில் சஹானா நிறைய நேரம் அழுதாள். பிறகு, "அம்மா, பொங்கலுக்கு இவங்க வூட்ல எல்லாரும் வர்றதாச் சொல்லியாச்சு. இன்னா பண்றது?" என்று மெல்லக் கேட்டாள். போனைச் சதாசிவம் வாங்கினார்.

"நமக்குத் தீட்டு இல்லம்மா. பங்காளியா, சம்பந்தியா, நமக்கு ஒண்ணும் இல்ல. தாராளமா வாங்க" என்றார். அவர் சொன்னது சாஸ்திரப்படி சரி. அவர் முகத்தைப் பார்க்காமல் சகுந்தலா உள்ளே போனாள்.

பொங்கலன்று விடிந்ததும் வாசலில் கோலம் போட்டுக் கல் கூட்டி அடுப்பு வைத்தாள். புதுப்பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டினாள். சம்பந்தி வீட்டார் பட்டும் சரிகையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மகளின் புது மாமியார் நல்ல மாதிரி, "நீங்க எதுக்கு இவ்ளோ கஷ்டப்படறீங்க" என்று பத்துத் தரம் கேட்டாள். சகுந்தலா சிரித்தாள். தலையில் பூ வைத்திருந்தாள். மாமல்லபுரத்தில் அன்றைக்கு அடுப்பு எரியாது, கோலம் கிடையாது, கல்யாணிக்குப் பால் தெளித்து வந்திருப்பார்கள். தனக்கும் அங்கேதான் இடம், ஈரத்தலையோடு ஒரு மூலையில் கிடந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அங்கே அவளை அழவிட ஆளில்லை. இங்கே அழக் காரணம் இல்லை.

பால் விளிம்புக்கு வந்தது. எல்லோரும் எழுந்து அடுப்பைச் சுற்றி நின்றார்கள். வீட்டுக்காரி முதல் குரல் கொடுக்க வேண்டும் என்று அவள் முகத்தைப் பார்த்தார்கள். நுரை பொங்கிப் பானை விளிம்பில் வழிந்தது.

"பொங்கலோ பொங்கல்" என்றாள் சகுந்தலா.

மாப்பிள்ளை ஹரிசங்கர் கை தட்டிச் சிரித்தார். "இன்னா அத்த, உங்களுக்கே கேக்கல போல. இன்னும் சத்தமா சொல்லுங்க."

அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள்.